டொனெட்ஸ்க்: நிலக்கரி உருவாக்கிய நகரமும் அதன் மக்களும்

உக்ரைனின் கிழக்கே, கல்மியுஸ் ஆற்றங்கரையில் அமைந்துள்ள டொனெட்ஸ்க் நகரத்தின் பெயர் 2014 முதல் போர்ச் செய்திகளின் வழியாகவே பெரும்பாலும் நம்மை எட்டுகிறது. அந்தச் செய்திகளில் "ரஷ்யர்கள் மிகுந்த நகரம்" என்றோ "ரஷ்ய மொழி பேசும் பகுதி" என்றோ ஒரு வரி அடைமொழி சேர்க்கப்படுவதும், அந்த ஒரு வரியைக் கொண்டே அங்குள்ள மக்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று வாசகர் முடிவு செய்துகொள்வதும் வழக்கமாகிவிட்டன. அந்த அடைமொழி முழுப் பொய் அல்ல. ஆனால் அது மறைப்பது அதிகம். டொனெட்ஸ்க் பழங்காலத் தலைநகரமோ கோட்டை நகரமோ அன்று. 1870க்கு முன் அந்த இடத்தில் நகரம் என்று எதுவும் இருக்கவில்லை. அங்கு வாழ்ந்த தலைமுறைகள் ஏறத்தாழ அனைவரும் நிலக்கரியையோ, நிலக்கரியால் இயங்கிய உருக்காலையையோ நாடி வெளியிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். ஆகவே இந்நகரத்தின் மக்கள் யார் என்று அறிய விரும்புபவர், சுரங்கம் எந்தக் காலத்தில் யாரை, எங்கிருந்து, எதற்காக வேலைக்கு எடுத்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நிலத்துக்கு அடியில் இருந்தது

டொனெட்ஸ் ஆற்றையொட்டி விரிந்துள்ள நிலக்கரிப் படுகையைத்தான் சுருக்கமாக டொன்பாஸ் என்று அழைக்கிறார்கள். ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன், சதுப்புக் காடுகள் மண்ணுக்கு அடியில் புதைந்து அழுத்தப்பட்டதால் உருவான கரி இது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கு நிலக்கரி இருப்பது ரஷ்யப் பேரரசுக்குத் தெரிந்திருந்தபோதிலும், மரம் மலிவாகக் கிடைத்ததாலும், ஆளற்ற புல்வெளியிலிருந்து கரியை வெளியே கொண்டுசெல்ல வழியில்லாததாலும், ஒன்றரை நூற்றாண்டு காலம் அது பெரிய அளவில் தோண்டப்படவில்லை.

இந்தப் படுகையின் இரண்டு இயல்புகளை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னர் நடந்தவை பலவும் எளிதில் விளங்கும். முதலாவது, டொனெட்ஸ்க்கைச் சுற்றிக் கிடைக்கும் கரியில் ஒரு பகுதி, இரும்பு உருக்குவதற்குத் தேவையான கல்கரியாக மாற்றத்தக்கது. காற்று புகாத சூளையில் நிலக்கரியைச் சூடாக்கி, அதிலுள்ள வாயுக்களையும் தாரையும் வெளியேற்றினால், நுண்துளைகள் நிறைந்த, கடினமான, மிகுந்த வெப்பம் தரும் கல்கரி எஞ்சுகிறது. ஊது உலையில் இரும்புத் தாதுவை உருக்குவதற்கு அதுவே வேண்டும். எனவே இங்கே சுரங்கமும் உருக்காலையும் சேர்ந்தே வளர்ந்தன. இரண்டாவது, கரி அடுக்குகள் பெரும்பாலும் மெல்லியவை. பல இடங்களில் ஒரு மீட்டர் உயரம்கூட இருக்காது. மேலும் அவை ஆழத்தில் உள்ளன, மீத்தேன் வாயு நிறைந்தவை. மெல்லிய அடுக்கில் மனிதன் நிமிர்ந்து நிற்க முடியாது. பெரிய இயந்திரம் நுழையவும் இயலாது. ஆகவே ஒவ்வொரு டன்னுக்கும் பெருந்தொகையான ஆட்கள் தேவைப்பட்டார்கள். நகரம் அவ்வளவு விரைவாகப் பெருத்ததற்கும், அவ்வளவு உயிர்களை விழுங்கியதற்கும் நிலத்தின் இந்த அமைப்பே அடிப்படைக் காரணம்.

வேல்ஸிலிருந்து வந்த உருக்காலை

1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரில் அடைந்த தோல்வி, தொழில்துறையில் தான் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதை ரஷ்யப் பேரரசுக்கு உணர்த்தியது. ரயில் பாதைகள் போட வேண்டும். அதற்கான தண்டவாளங்களை உள்நாட்டிலேயே வார்க்க வேண்டும். அந்தத் தேவையை நிறைவேற்ற முன்வந்தவர் வேல்ஸின் மெர்தர் டிட்வில் என்னும் இரும்பு நகரத்தில் பிறந்த ஜான் ஹ்யூஸ். லண்டனில் போர்க்கப்பல்களுக்கான இரும்புக் கவசத் தகடுகள் செய்யும் ஆலையை நடத்தியவர் என்பதால், ரஷ்யக் கடற்படை அதிகாரிகளுக்கு அவர் அறிமுகமானவராக இருந்தார். இளவரசர் கொச்சுபேய் பெற்றிருந்த உருக்காலை உரிமத்தை விலைக்கு வாங்கிக்கொண்டு, 1869இல் நியூ ரஷ்யா கம்பெனி என்ற நிறுவனத்தை லண்டனில் தொடங்கிய அவர், 1870இல் வேல்ஸைச் சேர்ந்த சுமார் நூறு இரும்புத் தொழிலாளர்களுடனும் சுரங்கத் தொழிலாளர்களுடனும் கப்பலில் அசோவ் கடலை அடைந்து, கருவிகளை மாட்டு வண்டிகளில் ஏற்றிப் புல்வெளியைக் கடந்து கல்மியுஸ் கரைக்கு வந்து சேர்ந்தார். 1872இல் உலை இரும்பு தந்தது. குடியிருப்புக்கு அவர் பெயரால் யூஸோவ்கா என்ற பெயர் ஏற்பட்டது.

1884இல் திறக்கப்பட்ட ரயில் பாதை, மேற்கே 300 கிலோமீட்டருக்கும் அப்பால் கிரிவி ரீ பகுதியில் உள்ள உயர்தர இரும்புத் தாதுவை டொன்பாஸ் நிலக்கரியுடன் இணைத்தது. ஒரு முனையிலிருந்து கரி போகும், மறுமுனையிலிருந்து தாது வரும். அதன்பின் பிரெஞ்சு, பெல்ஜியப் பணமும் இப்பகுதிக்குள் பாய்ந்தது. சில ஆண்டுகளுக்குள் தென் உக்ரைன், ரஷ்யப் பேரரசின் முதன்மை இரும்புப் பகுதியாக மாறியது.

யூஸோவ்கா நெடுங்காலம் சட்டப்படி நகரமாகவே இருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 1917 வரை அதற்கு நகர அந்தஸ்து வழங்கப்படவில்லை, நகராட்சியும் இல்லை. ஆலை, சுரங்கங்கள், நிலம், மருத்துவமனை, பள்ளி, தொழிலாளர் வீடுகளில் பெரும்பகுதி ஆகிய அனைத்தும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. வேலையை இழந்தவர் வீட்டையும் இழந்தார். வெளிநாட்டுப் பொறியாளர்களும் திறன்மிகு தொழிலாளர்களும் தோட்டங்களோடு கூடிய செங்கல் வீடுகளில், ஆங்கிலேயர் குடியிருப்பு எனப்பட்ட பகுதியில் தங்களுக்கென ஒரு தேவாலயத்துடன் வாழ, சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பலர் மண்ணைத் தோண்டி மேலே கூரை போட்ட குழி வீடுகளில் கிடந்தார்கள். அந்தக் குடிசைப் பகுதிகளுக்கு நல்ல குடிநீரோ சாக்கடையோ இல்லை. 1892இல் காலரா பரவியபோது, நோயாளி ஒருவரைத் தனிமை முகாமுக்குக் கொண்டுசெல்ல முயன்றதில் மூண்ட சச்சரவு பெருங்கலவரமாகி, கடைகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. படை வரவழைக்கப்பட்டுப் பலர் உயிரிழந்தார்கள். அதை அறியாமையால் விளைந்த கலவரம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுவது நியாயமாகாது. மலம் கலந்த நீரைக் குடிக்க நேர்ந்தவர்களின் கோபமும் அதில் இருந்தது.

சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள்

சுற்றிலும் இருந்த கிராமங்கள் பெரும்பாலும் உக்ரைனிய உழவர்களுடையவை. ஜெர்மானியக் குடியேற்றங்களும், தெற்கே மரியுபோல் பக்கம் கிரேக்க ஊர்களும் இருந்தன. அந்த உழவர்கள் ஏன் கூட்டமாகச் சுரங்கத்துக்கு வரவில்லை? அவர்கள் காலடியில் இருந்தது கரிசல் மண். அது சோறு போட்டது. இருட்டுக் குழிக்குள் இறங்குவதைவிட வண்டியோட்டுவதையும், ஆலைக்குத் தானியமும் வைக்கோலும் விற்பதையும் அவர்களில் பலர் விரும்பினார்கள். மாறாக ஓரியோல், குர்ஸ்க் முதலிய மத்திய ரஷ்ய மாகாணங்களில் நிலம் குறைவு, குடும்பம் பெரிது, வரிச்சுமை அதிகம். அங்கிருந்து இளைஞர்கள் குழுக்களாகப் புறப்பட்டு வந்து, குளிர்காலம் முழுவதும் கரி வெட்டிவிட்டு, அறுவடைக் காலத்தில் ஊர் திரும்பினார்கள். கோடையில் சுரங்கங்கள் ஆளின்றித் தவித்தன. ஆட்களை நிலையாகத் தங்கவைக்கும் பொருட்டே நிறுவனங்கள் குடும்ப வீடுகளைக் கட்டத் தொடங்கின. பின்னாளில் சோவியத் ஒன்றியத்தின் தலைவரான நிகிதா குருசேவின் குடும்பம் இந்த வரலாற்றுக்கு நேரடிச் சான்று: குர்ஸ்க் மாகாணத்தின் கிராமம் ஒன்றில் பிறந்த அவர், சுரங்க வேலையை நாடி வந்த தந்தையுடன் 1908 அளவில் யூஸோவ்காவுக்கு வந்து, பதின்ம வயதிலேயே உலோகப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார்.

யூதர்களின் வருகைக்குக் காரணம் வேறு. ரஷ்யப் பேரரசு யூதர்களைக் குறிப்பிட்ட மேற்கு, தெற்கு மாகாணங்களில் மட்டுமே குடியிருக்க அனுமதித்தது. யூஸோவ்கா அடங்கிய எக்காத்தரினோஸ்லாவ் மாகாணம் அந்த எல்லைக்குள் இருந்தது. ஆகவே தையல், தச்சு, கடை, மருந்து விற்பனை முதலிய தொழில்களுடன் அவர்கள் இங்கு வந்து, ஊரின் வணிகப் பகுதியை உருவாக்கினார்கள். 1905 அக்டோபரில் அவர்கள்மீது கொடிய தாக்குதல் நடந்தது.

அக்காலச் சுரங்க வேலை எப்படி இருந்தது என்பதை ஒரு வேலையைக் கொண்டு காட்டலாம். வெட்டிய கரியைப் பெருவழிக்குக் கொண்டுவர, மெல்லிய அடுக்குகளில் வண்டியும் குதிரையும் நுழைய முடியாது. அதற்கென இருந்த தொழிலாளி, இடுப்பில் தோல் வார் கட்டி, அதிலிருந்து கால்களுக்கிடையே செல்லும் சங்கிலியை மரச்சறுக்கு ஒன்றில் மாட்டிக்கொண்டு, நான்கு கால்களில் தவழ்ந்தபடி கரிச்சுமையை இழுத்து வருவார். மேலே பாறை முதுகை உரசும். கீழே ஈரக் கரி முழங்கைகளையும் முழங்கால்களையும் அறுக்கும். வாயிலோ கையிலோ பிடித்திருக்கும் சிறுவிளக்கின் சுடரே வெளிச்சம். அதே சுடர் மீத்தேனைப் பற்றவைக்கும் ஆபத்தும் கூடவே இருந்தது. டொன்பாஸ் சுரங்கங்களில் வசிப்பதாகத் தொழிலாளர்கள் சொல்லிவந்த ஷுபின் என்னும் ஆவியின் கதையும் இந்த அச்சத்திலிருந்து பிறந்ததே. நனைத்த தோலுடையைப் போர்த்திக்கொண்டு தனியே முன்னே சென்று, தேங்கியிருக்கும் வாயுவைத் தீப்பந்தத்தால் எரித்துவிடும் ஆளின் நினைவு அதில் கலந்திருக்கிறது என்பர். நல்லவருக்கு இடிபாட்டை முன்கூட்டியே எச்சரிப்பான், கொடிய மேற்பார்வையாளனைத் தண்டிப்பான் என்று ஷுபினைப் பற்றிச் சொல்லப்படுவது, சுரங்கத்தில் நீதி எங்கே கிடைக்கவில்லை என்பதையும் தெரிவிக்கிறது.

ஸ்டாலினோ ஆன காலம்

புரட்சிக்குப் பின் ஆலையும் சுரங்கங்களும் அரசுடைமையாயின. ஹ்யூஸ் குடும்பம் வெளியேறியது. 1924இல் ஊரின் பெயர் மாற்றப்பட்டு, விரைவில் ஸ்டாலினோ என்று நிலைத்தது. 1926 கணக்கெடுப்பின்படி அங்கு சுமார் 1,06,000 பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 57 விழுக்காட்டினர் ரஷ்யர்கள், 26 விழுக்காட்டினர் உக்ரைனியர்கள், 11 விழுக்காட்டினர் யூதர்கள். 1939இல் மக்கள்தொகை நான்கரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. பதின்மூன்று ஆண்டுகளில் நான்கு மடங்குக்கும் மேற்பட்ட இந்த வளர்ச்சியை ஐந்தாண்டுத் திட்டங்களின் வெற்றி என்று சோவியத் நூல்கள் கொண்டாடின. ஆனால் வந்தவர்களில் பெருந்தொகையினர் விரும்பி வந்தவர்கள் அல்லர். கூட்டுப்பண்ணைக் கொள்கை கிராமங்களைச் சிதைத்தது. 1932-33இல் தானியம் வலுக்கட்டாயமாகப் பறிக்கப்பட்டதால் உக்ரைனியக் கிராமங்களில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டார்கள். சுரங்கத்தில் வேலை கிடைத்தால் ரேஷன் அட்டை கிடைக்கும். ரேஷன் அட்டை இருந்தால் ரொட்டி கிடைக்கும். முன்பு குழிக்குள் இறங்க மறுத்த உக்ரைனிய உழவனை இப்போது அந்த ரொட்டி இறக்கியது.

அந்தப் பஞ்சத்தை உலகுக்குத் தன் பெயரிலேயே துணிந்து அறிவித்தவர்களில் முதன்மையானவர், கேரத் ஜோன்ஸ் என்னும் வேல்ஸ் இளைஞர். அவருடைய தாய், இளமையில் யூஸோவ்காவில் ஹ்யூஸ் குடும்பக் குழந்தைகளுக்கு ஆசிரியையாக இருந்தவர். தாய் சொன்ன கதைகளால் ஈர்க்கப்பட்டு ரஷ்ய மொழி கற்ற மகன், 1930இல் ஸ்டாலினோவைப் பார்த்தார். 1933 மார்ச்சில் உக்ரைனியக் கிராமங்களின் வழியே நடந்து, கண்டதைப் பெர்லினில் வெளியிட்டார். இந்நகர வரலாற்றில் மிகவும் மதிக்கத்தக்க இழை இது என்று நான் கருதுகிறேன்.

அதே காலத்தில் சுரங்கத் தொழிலாளி நாட்டின் நாயகனாக உயர்த்தப்பட்டார். வடகிழக்கே உள்ள இர்மினோ சுரங்கத்தில், 1935 ஆகஸ்ட் இறுதியில் அலெக்சி ஸ்டாக்கனோவ் ஒரே பணிநேரத்தில் 102 டன் கரி வெட்டினார் என்று அறிவிக்கப்பட்டது. அது வழக்கமான அளவைப் போல் பதினான்கு மடங்கு. அவர் தொடர்ந்து வெட்டிக்கொண்டே செல்ல, பின்னால் வந்த உதவியாளர்கள் மரமுட்டுக் கொடுத்துக் கூரையைத் தாங்கினார்கள். வேலையைப் பகுத்துச் செய்தது நல்ல உத்திதான். ஆனால் கணக்கு ஒருவர் பெயரில் மட்டும் எழுதப்பட்டது, அந்தக் கணக்கைக் காட்டி மற்றவர்களின் வேலையளவு உயர்த்தப்பட்டது.

1941 அக்டோபரில் ஜெர்மானியப் படை நகரத்தைப் பிடித்தது. வெளியேற முடியாத யூதர்கள் கல் வெட்டிய பள்ளம் ஒன்றில் அடைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களும் பிறருமாகப் பல்லாயிரக்கணக்கானோரின் உடல்கள் 4-4 பிஸ் என்ற எண்ணுடைய சுரங்கக் குழிக்குள் வீசப்பட்டன. கரி எடுப்பதற்காக வெட்டப்பட்ட குழி மனிதர்களைப் புதைக்கப் பயன்பட்டது. 1943 செப்டம்பரில் நகரம் மீட்கப்பட்டபோது சுரங்கங்கள் நீரில் மூழ்கிக் கிடந்தன. மறுசீரமைப்புக்கு ஒன்றியம் முழுவதிலிருந்தும் ஆட்கள் திரட்டப்பட்டார்கள். மேற்கு உக்ரைன் இளைஞர்களும் நாடுகடத்தப்பட்ட ஜெர்மானியர்களும் வேலைக்குக் கட்டாயமாக அனுப்பப்பட்டவர்களில் அடங்குவர்.

மொழியும் அடையாளமும்

இத்தனை இடங்களிலிருந்து வந்தவர்கள் நிலத்தடியில் ஒன்றாக வேலை செய்வதற்குப் பொதுமொழி ஒன்று வேண்டும். எச்சரிக்கைக் குரல் எல்லோருக்கும் உடனே புரிந்தாக வேண்டும். முதலில் வந்தவர்களின் மொழி, பொறியாளர்களின் மொழி, அரசின் மொழி ஆகிய மூன்றுமே ரஷ்ய மொழியாக இருந்ததால் அதுவே நிலைத்தது. 1920களில் உக்ரைனிய மொழிப் பள்ளிகளையும் இதழ்களையும் ஊக்குவித்த சோவியத் அரசு, 1930களில் அந்தக் கொள்கையைக் கைவிட்டு, அதை முன்னெடுத்த அறிவாளிகளைத் தண்டித்தது. அதன்பின் வீட்டில் உக்ரைனிய மொழி பேசிய குழந்தை, பள்ளியிலும் பட்டறையிலும் ரஷ்ய மொழிக்கு மாறியது. ஆயினும் இந்த நகரத்தில் வளர்ந்து, இங்குள்ள ஆசிரியர் கல்லூரியில் படித்த வசில் ஸ்டூஸ், உக்ரைனிய மொழியின் தலைசிறந்த கவிஞர்களில் ஒருவராகி, 1985இல் சோவியத் சிறைமுகாமில் உயிர்நீத்தார்.

2001இல் உக்ரைன் எடுத்த கணக்கெடுப்பில் நகரத்தின் மக்கள்தொகை 10 லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. தங்களை ரஷ்யர் என்று பதிந்தவர்கள் 48 விழுக்காடு; உக்ரைனியர் என்று பதிந்தவர்கள் ஏறத்தாழ 47 விழுக்காடு; பெலாருஸியர்களும் கிரேக்கர்களும் தலா ஏறத்தாழ ஒரு விழுக்காடு; 1926இல் பத்தில் ஒருவராக இருந்த யூதர்கள் அரை விழுக்காடு. அதே கணக்கெடுப்பில் ரஷ்ய மொழியைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் ஏறத்தாழ 88 விழுக்காடு. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ரஷ்ய மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட லட்சக்கணக்கானோர் தங்களை உக்ரைனியர் என்றே கருதினார்கள். 1991 டிசம்பரில் நடந்த பொதுவாக்கெடுப்பிலும் டொனெட்ஸ்க் மாகாணத்தில் வாக்களித்தவர்களில் 83.9 விழுக்காட்டினர் உக்ரைனின் விடுதலையை ஆதரித்தார்கள். அதில் பொருளாதார எதிர்பார்ப்பு பெரும்பங்கு வகித்தது உண்மையே. ஆனால் மொழியைக் கொண்டு அரசியலை ஊகிப்பது எவ்வளவு தவறானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

குன்றுகளும் குடியிருப்புகளும்

1961இல் ஸ்டாலினின் பெயர் நீக்கப்பட்டு நகரம் டொனெட்ஸ்க் ஆனது. அப்போதைய நகரத்தின் தோற்றமும் சுரங்கத்தின் வரைபடத்தையே பின்பற்றியது. மையத்தில் அகன்ற வீதிகளும் ரோஜாத் தோட்டங்களும் இருந்தன. ஆனால் அதைச் சுற்றி, ஒவ்வொரு சுரங்க வாயிலையும் ஒட்டித் தோன்றிய சிறு குடியிருப்புகள் இடைவெளி விட்டு விட்டுப் பரவியிருந்தன. அந்த இடைவெளிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட கழிவுக் குன்றுகள் கூம்பு வடிவில் எழுந்து நிற்கின்றன. கரியுடன் வெளிவரும் பாறையைத் தொடர்ந்து கொட்டியதால் உருவானவை அவை. பாறையில் எஞ்சிய கரியும் கந்தகக் கனிமமும் காற்றுப் பட்டுத் தாமே சூடேறுவதால், சில குன்றுகள் பல ஆண்டுகளாக உள்ளே கனன்றுகொண்டிருக்கின்றன. பனிக்காலத்தில் அவற்றின் சரிவில் பனி தங்குவதில்லை, மழைக்குப் பின் கந்தக நெடி வீசும். தூசியைக் கட்டுப்படுத்தப் பல குன்றுகளில் வேல மரத்தை ஒத்த வெள்ளைப் பூ மரங்களை நட்டு வளர்த்தார்கள்.

சுரங்கங்கள் ஆயிரம் மீட்டருக்கும் கீழே சென்றன. அங்கே பாறையின் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டும். நாயகன் என்று புகழப்பட்ட தொழிலாளிக்கு 1989இல் குளித்துக் கரியைப் போக்கச் சோப்புக்கூட ஒழுங்காகக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு ஜூலையில் சைபீரியாவில் தொடங்கிய வேலைநிறுத்தம் டொன்பாஸுக்குப் பரவியபோது, தொழிலாளர்கள் நகர மையத்தில் அமர்ந்து சோப்பு, உணவு, ஓய்வூதியம் ஆகியவற்றோடு சுரங்கங்களின் தன்னாட்சியையும் கோரினார்கள்.

விடுதலைக்குப் பின் மானியம் சுருங்கியது, சம்பளம் மாதக்கணக்கில் நின்றது, சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலையிழந்தவர்கள் சட்டவிரோதச் சிறுகுழிகளைத் தோண்டிக் கரி விற்றார்கள். மறுபுறம் உருக்காலைகளையும் சுரங்கங்களையும் கைப்பற்றிய சிலர் பெருஞ்செல்வர்களானார்கள்; அந்தச் செல்வத்தால்தான் ஷக்தார் கால்பந்துக் கழகம் 2009இல் யூஈஎஃப்ஏ (UEFA) கோப்பையை வென்றது, அதே ஆண்டு பெரும் விளையாட்டரங்கமும் திறக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 2007 நவம்பரில், நகரத்திலுள்ள சசியாத்கோ சுரங்கத்தில் மீத்தேன் வெடித்து 101 பேர் இறந்தார்கள். அதே சுரங்கத்தில் 1999இலும் 2001இலும் பெருவிபத்துகள் நடந்திருந்தன. ஆபத்து தெரிந்தும் ஆட்கள் இறங்கியதற்குக் காரணம், கரிக்கு ஏற்பக் கூலி தரப்பட்டதும், அந்தக் கூலிக்கு ஈடான வேறு வேலை ஊரில் இல்லாததுமே.

2014க்குப் பின்

2014 ஏப்ரலில் ரஷ்ய ஆதரவு பெற்ற ஆயுதக் குழுக்கள் அரசுக் கட்டடங்களைக் கைப்பற்றின. விமான நிலையம் மாதக்கணக்கான சண்டையில் சிதைந்தது. லட்சக்கணக்கானோர் வெளியேறினார்கள், பல்கலைக்கழகம் வின்னித்சியாவுக்குப் பெயர்ந்து வசில் ஸ்டூஸின் பெயரைச் சூடிக்கொண்டது, ஷக்தார் கழகம் வேறு நகரங்களில் ஆடத் தொடங்கியது. 2022இல் முழுப்போரைத் தொடங்கிய ரஷ்யா, செப்டம்பரில் இந்த மாகாணத்தைத் தன்னுடன் இணைத்துக்கொண்டதாக அறிவித்தது. அடுத்த மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 143 நாடுகள் அதை ஏற்க மறுத்து வாக்களித்தன.

போரைவிட நீண்டகாலம் நீடிக்கக்கூடிய சிக்கல் ஒன்று நிலத்தடியில் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆழ்ந்த சுரங்கத்தில் ஊறும் நீரை இரவும் பகலும் இறைத்தே ஆக வேண்டும். மூடிய சுரங்கத்திலும் அதை நிறுத்த முடியாது, ஏனெனில் பக்கத்துச் சுரங்கங்கள் உள்ளே ஒன்றோடொன்று இணைந்துள்ளன. போர் தொடங்கியபின் பல சுரங்கங்களில் இறைப்பு நின்றது. உயரும் உப்புநீர், கனிமங்களைக் கரைத்துக்கொண்டு கிணறுகளையும் ஆறுகளையும் எட்டுகிறது. தாங்கு நீங்கிய நிலம் சில இடங்களில் உள்வாங்குகிறது. அண்டை நகரமான யெனாக்கியெவேயின் யுன்கோம் சுரங்கத்தில், வாயு வெளியேற்றத்தைக் குறைக்கும் சோதனையாக 1979இல் சிறு அணுகுண்டு ஒன்று வெடிக்கப்பட்டது. அந்தச் சுரங்கத்திலும் 2018இல் நீரிறைப்பு நிறுத்தப்பட்டது. இதற்கிடையே, வடக்கிலிருந்து குடிநீர் கொண்டுவந்த கால்வாய் 2022 சண்டையில் பழுதுபட்டதால், டொனெட்ஸ்க்கின் வீடுகளுக்குச் சில நாட்களுக்கு ஒருமுறை, சில மணி நேரம் மட்டுமே குழாய் நீர் வருகிறது.